வெள்ளைப் பூச்சு வேண்டாம் என்ற பெண்: கறுப்பின நடனக் கலைஞர்களைச் சொல்லும் படப் புத்தகங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ், 1930களின் தொடக்கம். ஊருக்கு வந்திருந்த பாலே ரூஸ் டி மாண்டே கார்லோ குழு புது நடனக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள், பதின்ம வயதுப் பெண், போய் ஆடிக் காட்டினாள். பெயர் ஜேனட் காலின்ஸ். ஆட்டம் பிடித்துப்போயிற்று. குழுவின் நடன அமைப்பாளர் லியோனிட் மாசின் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராகவே இருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: மேடையேறும்போது முகத்திலும் உடம்பிலும் வெள்ளை பூசிக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

இதை ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அடிமை முறை, கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்த ஜிம் க்ரோ சட்டங்கள், தனி வாசல், தனி இருக்கை என்று ஆரம்பித்தால் குழந்தை பாதியில் எழுந்து போய்விடும். நன்றாக ஆடிய ஒரு பெண்ணிடம் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வா என்றார்கள் என்றால் அந்தக் கணமே புரியும், கோபமும் வரும். நடனம் உடம்பால் செய்யும் கலை. நிறவெறியும் உடம்பைப் பார்த்துத்தான் வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தை ஓவியர் வரைந்தே காட்டிவிடலாம். அமெரிக்காவில் கடந்த முப்பது ஆண்டுகளில் கறுப்பின நடன முன்னோடிகளைப் பற்றி ஓர் அலமாரித் தட்டு நிறையும் அளவுக்குப் படப் புத்தகங்கள் வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காலின்ஸின் கதையை மிஷெல் மெடோஸ் எழுத, எபனி க்ளென் வரைந்து 2019இல் வந்த புத்தகம் 'பிரேவ் பாலரினா'. பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னச் சந்த வரிகள். வாய்விட்டுப் படிக்கவே எழுதியவை. நியூ ஆர்லியன்ஸில் 1917இல் பிறந்த குழந்தை, உடை தைத்துக் கொடுத்து மகளின் வகுப்புக் கட்டணத்தைச் சமாளித்த அம்மா, வெள்ளைப் பூச்சை மறுத்த பெண், கடைசியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவின் மேடை என்று கதை ஏறிக்கொண்டே போகிறது. 1951 நவம்பரில் 'ஐடா' ஆபராவில் ஆடியபோது அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின முதன்மை நடனமணியானார் காலின்ஸ். புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனே அங்கே பாட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த மேடையின் உயரம் தெரியும். ஆனால் அதன் பிறகு நடந்ததும் உண்டு. குழு தென் மாநிலங்களுக்குப் பயணம் போனபோது காலின்ஸின் இடத்தில் மாற்று நடனக்காரர்கள் ஆடினார்கள். அங்கே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளில், 1954இல், அவர் மெட்ரோபாலிட்டனை விட்டு வெளியேறினார். குழந்தைக்கான கதைக்கு எந்தப் படியில் முற்றுப்புள்ளி வைப்பது என்பது எழுதுகிறவரின் முடிவு. அதில்தான் பாதி அரசியல் இருக்கிறது.

காலின்ஸை வெள்ளை பூசச் சொன்ன பாலே ரூஸ் என்ற பெயரிலேயே அடுத்த கதையும் தொடர்கிறது. நியூயார்க்கில் 1935இல் பிறந்த ரேவன் வில்கின்சன் இரண்டு முறை தேர்வுக்குப் போய்த் தோற்று, மூன்றாவது முறை, 1955இல், உள்ளே போனார். பெரிய பாலே குழு ஒன்றில் முழுநேரமாக ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். வெளிர்ந்த நிறம் என்பதால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. மேடைக்கு வெளிர் ஒப்பனையும் போட்டுக்கொண்டார். அப்படியே இரண்டு வருடம் தென் மாநிலங்களில் சுற்றி வந்தார். 1957இல் அட்லாண்டாவில் விடுதி உரிமையாளர் நேராகவே கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. கறுப்பினத்தவருக்கான வாடகைக் காரில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அலபாமாவின் மான்ட்கோமரியில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பின் ஆட்கள் மேடைக்கே வந்து, குழுவில் உள்ள கறுப்பினப் பெண் யார் என்று தேடினார்கள். சக நடனக்காரர்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. லெடா ஷூபர்ட் எழுதி மூன்றாம் தியோடர் டெய்லர் வரைந்த 'டிரெயில்பிளேசர்' (2018) இந்தக் காலத்தை மழுப்பாமல் சொல்கிறது. வில்கின்சன் 1961இல் குழுவை விட்டு விலகினார். அமெரிக்காவில் எந்தக் குழுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1967இல் நெதர்லாந்து தேசிய பாலே கூப்பிட்டது. அங்கே போய் ஆடினார். தன்னைப் பற்றிய புத்தகம் வெளிவந்த அதே ஆண்டின் டிசம்பரில் காலமானார்.

இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். ஒருத்தி பூச்சு வேண்டாம் என்றாள். இன்னொருத்தி ஒப்பனை போட்டுக்கொண்டாள்; கேட்டால் மட்டும் உண்மையைச் சொன்னாள். யார் வீரம் அதிகம் என்று பட்டிமன்றம் வைக்க இதில் ஒன்றுமில்லை. இரண்டுமே ஒரே பூட்டிய கதவின் முன்னால் நின்றவர்கள் தேடிய வழிகள். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் விடாமுயற்சிக் கதையாக முடிந்துவிடும். சேர்த்துப் படித்தால்தான் கதவு கண்ணுக்குத் தெரியும்.

ஏன் இத்தனை தாமதம்

காலின்ஸ் மெட்ரோபாலிட்டனில் ஆடியது 1951இல். அவரைப் பற்றி நான் சொன்ன புத்தகம் வந்தது 2019இல். இந்த 68 ஆண்டு இடைவெளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கறுப்பினக் குழந்தைகளுக்கென்றே ஒரு பத்திரிகை வேண்டும் என்று கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1920இலேயே நினைத்தார். ஜெஸ்ஸி ஃபாசெட்டின் இலக்கியப் பொறுப்பில் 'தி பிரவுனீஸ் புக்' மாத இதழாக வந்தது. 24 இதழ்கள், 1921 முடிவோடு நின்றுபோயிற்று. பெரிய பதிப்பகங்கள் எட்டிப் பார்க்கவே இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஓர் இதழில் எழுதிய கட்டுரை பதிப்புலகைக் குலுக்கியது. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, எத்தனையில் ஒரு கறுப்பின முகமாவது இருக்கிறது என்று கணக்கெடுத்தார். 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கட்டுரையின் தொடக்கமே, புத்தகத்தில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று ஒரு ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்விதான்.

அதன் பிறகு கறுப்பின எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் மட்டுமே வழங்கப்படும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது உருவானது. 1970 முதல் கொடுக்கிறார்கள். நிலைமை மெல்ல நகர்ந்தது, ஆனால் மிக மெல்ல. விஸ்கான்சினில் உள்ள குழந்தை நூல் மையம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2013இல் பார்த்த சுமார் 3,200 புத்தகங்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் ஒரே நாளில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர் மூத்த எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ். இன்னொன்றை எழுதியவர் அவருடைய மகன், ஓவியர் கிறிஸ்டோஃபர் மையர்ஸ். தந்தை அதே ஆண்டு ஜூலையில் இறந்துபோனார்.

கிறிஸ்டோஃபர் அந்த ஆண்டு வரைந்து வெளிவந்த புத்தகம் ஒரு நடனப் புத்தகம். பாலே கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் எழுதிய 'ஃபயர்பேர்ட்'. தன்னால் முடியாது என்று நினைக்கும் ஒரு சிறுமியும், நானும் அப்படித்தான் இருந்தேன் என்று சொல்லும் நடனமணியும் மாறி மாறிப் பேசுவதுதான் கதை. சம்பவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வெட்டி ஒட்டிய தாள்களும் தீ நிறங்களுமாகப் பக்கங்கள் எரிகின்றன. தான் முதலில் திறந்து பார்த்த பாலே புத்தகத்தில் தன்னைப்போல் ஒருத்தியும் இல்லை என்று கோப்லண்ட் பின்குறிப்பில் எழுதுகிறார். உண்மையைச் சொன்னால் உரைநடை கொஞ்சம் உபதேச வாடை அடிக்கிறது; புத்தகத்தைத் தூக்கி நிறுத்துவது ஓவியம். 2015ஆம் ஆண்டுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் ஓவியர் விருதை அதற்குத்தான் கொடுத்தார்கள். அதே ஆண்டு அதே பிரிவில் சிறப்புக் குறிப்பு பெற்றவற்றில் இன்னொரு நடனப் புத்தகமும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அசையாத தாளில் ஆட்டம்

எழுத்தாளர் வாழ்க்கையைச் சொல்லலாம், விஞ்ஞானியின் கண்டுபிடிப்பை வரைந்து காட்டலாம். ஆடுகிறவரை அசையாத தாளில் எப்படிக் காட்டுவது? கால் தூக்கிய நிலையில் ஒரு படம் வரைந்தால் அது சிலை. டேப் நடனம் என்றால் இன்னும் மோசம்: அது பார்ப்பதைவிடக் கேட்பதற்கான ஆட்டம். காலணி தரையில் தட்டும் ஓசைதான் அதன் உயிர்.

லியோ டிலன், டயான் டிலன் தம்பதி 2002இல் 'ராப் எ டாப் டாப்' புத்தகத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'போஜாங்கிள்ஸ்' என்று ஊரே செல்லமாக அழைத்த டேப் கலைஞர் பில் ராபின்சன், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் தெருக்களில் ஆடிக்கொண்டே போகிறார். உடல் தெளிவாக இருக்கிறது. கால்களுக்கு மட்டும் நிழல் போன்ற பிரதிகள். ஒரு காலுக்குப் பின்னால் அதே கால் மங்கலாக, அதற்கும் பின்னால் இன்னும் மங்கலாக. ஓசைக்குச் சந்தம்: ஓரிரு வரிக்கு ஒரு முறை தலைப்பில் உள்ள அதே தாளச் சொற்கள் திரும்பி வருகின்றன. இரண்டு வயதுக் குழந்தையே மூன்றாவது பக்கத்தில் தாளம் தட்ட ஆரம்பித்துவிடும். தட்டையான நிழலுருவ ஓவிய பாணியை, ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பினக் கலை எழுச்சிக் காலத்து ஓவியர் ஆரன் டக்ளஸிடமிருந்து எடுத்திருக்கிறார்கள், அதாவது ராபின்சன் வாழ்ந்த காலத்தின் கையெழுத்திலேயே அவரை வரைந்திருக்கிறார்கள். இந்தத் தம்பதி 1976, 1977 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில், படப் புத்தக ஓவியத்துக்கான கால்டிகாட் பதக்கம் வாங்கியவர்கள். லியோ டிலன்தான் அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர்.

பிரையன் பிங்க்னியின் வழி வேறு. நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லியைப் பற்றி ஆண்ட்ரியா டேவிஸ் பிங்க்னி எழுதிய 'ஆல்வின் எய்லி' (1993) புத்தகத்துக்குக் கணவரான அவர் கீறல் பலகையில் படம் போட்டார். வெள்ளைப் பலகையின் மேல் முழுக்கக் கறுப்பு மை பூசி, கூர்முனையால் கீறிக் கீறி வெளிச்சத்தை வெளியே கொண்டுவரும் முறை அது. பள்ளி ஓவிய வகுப்பில் மெழுகு வண்ணத்துக்கு மேல் கறுப்படித்துக் கீறி விளையாடுவோமே, அதன் தேர்ந்த வடிவம். ஒவ்வொரு தசைநாரும், பாவாடையின் ஒவ்வொரு சுழலும் கீறல்களின் திசையிலேயே தெரிகிறது. கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உடல் திரும்புகிறது.

ஃப்ளாய்ட் கூப்பர் கையில் இருந்தது அழிரப்பர். கிறிஸ்டி டெம்ப்ஸி எழுதிய 'எ டான்ஸ் லைக் ஸ்டார்லைட்' (2014) புத்தகத்தில், பாலே பள்ளிக்கு உடைகள் தயார்செய்யும் அம்மாவின் மகளான ஹார்லெம் சிறுமி, 1951இல் ஜேனட் காலின்ஸின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறாள். சிறுமி கற்பனை, காலின்ஸ் உண்மை. கூப்பர் பலகை முழுக்க எண்ணெய்ச் சாயத்தை மெல்லிதாகத் தடவி, காய்ந்ததும் அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து முகங்களை எடுப்பார். அதன் மேல்தான் நிறம். படம் முழுக்க ஒரு பழுப்பு ஒளி பரவியிருப்பது அதனால்தான். பிங்க்னி கீறி எடுக்கிறார், கூப்பர் தேய்த்து எடுக்கிறார். இருவருமே இருட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து வெளிச்சத்தை எடுக்கிறவர்கள். கறுப்பு உடல்களை வரைய வெள்ளைத் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பதை இதைவிட அழகாகச் செய்துகாட்ட முடியாது.

ஃப்ளோரன்ஸ் மில்ஸ் விஷயத்தில் ஓவியருக்கு வேறு ஒரு சிக்கல். 1921இன் 'ஷஃபிள் அலாங்' இசை நாடகத்தில் பெயர் வாங்கி, லண்டன் வரை போய் ஆடிப் பாடி, ஹார்லெமின் செல்லப்பிள்ளையாக இருந்தவர், 1927 நவம்பரில் முப்பத்தோரு வயதில் இறந்துபோனார். அவருடைய குரல் ஓர் இசைத்தட்டில்கூட இல்லை. ஆட்டத்தின் படச்சுருளும் மிஞ்சவில்லை. புகைப்படங்களும், பார்த்தவர்கள் எழுதி வைத்ததும்தான். ரெனே வாட்சன் எழுதிய 'ஹார்லெம்ஸ் லிட்டில் பிளாக்பேர்ட்' (2012) புத்தகத்துக்காக கிறிஸ்டியன் ராபின்சன் போட்ட படங்கள் அதனால் வெறும் அலங்காரம் அல்ல. அந்த உடம்பு எப்படி அசைந்திருக்கும் என்று அவரே யோசித்து முடிவு செய்திருக்கிறார். ஒரு பெரிய நிகழ்கலைஞரைப் பற்றி நமக்கு இருக்கும் அசைவு இவ்வளவுதான் என்றாகிவிட்டது.

வாழைப்பழப் பாவாடையை என்ன செய்வது

அதே கிறிஸ்டியன் ராபின்சன் வரைந்ததுதான் நான் முன்பு சொன்ன இன்னொரு புத்தகம்: பட்ரிஷியா ஹ்ரூபி பவல் எழுதிய 'ஜோசஃபைன்' (2014). ஜோசஃபைன் பேக்கரின் வாழ்க்கை. 104 பக்கம், படப் புத்தகத்துக்கு இது யானைக் கனம். பவல் தாமும் நடனக் கலைஞர் என்பது வரிகளில் தெரிகிறது. கட்டற்ற கவிதையாக ஓடும் உரையில் சில சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் துள்ளி நிற்கும். படிக்கிறவர் அந்த இடத்தில் அழுத்தாமல் போக முடியாது. ஒவ்வொரு பகுதிக்கு முன்னும் ஒரு நாடகத் திரை. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் எரிமலை என்ற உருவகம் முதலிலிருந்து கடைசிவரை வருகிறது.

பேக்கர் குழந்தைகளுக்குச் சொல்ல எளிதான ஆள் இல்லை. செயின்ட் லூயிஸில் 1906இல் பிறந்து, எலி ஓடும் வறுமையில் வளர்ந்தவர். 1917இல், அவருக்குப் பதினோரு வயது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரின் வீடுகளைக் கொளுத்தியது. உயிர் தப்பியவர்கள் பாலத்தைக் கடந்து ஓடிவந்தார்கள். பதின்மூன்று வயதில் முதல் திருமணம். கூட்டு நடன வரிசையின் கடைசியில் நின்று, கண்ணை உருட்டிக் காலைப் பின்னிக் கோமாளித்தனம் செய்தே எல்லார் பார்வையையும் இழுத்தார். 1925இல் பாரிஸ். அடுத்த ஆண்டு ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ரப்பர் வாழைப்பழங்கள் தொங்கும் ஒரு பாவாடை, மேலே ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐரோப்பா சொக்கிப்போனது.

அந்தப் பாவாடையைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆப்பிரிக்கப் பெண் என்றால் காட்டுவாசி என்ற காலனிய ஆசைக்கு அவர் தீனி போட்டாரா, அல்லது அந்த ஆசையையே கேலி செய்தாரா? ஏழு வயதுப் பிள்ளைக்கு இதில் எதைச் சொல்வது? பவலும் ராபின்சனும் பேக்கரின் நகைச்சுவையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தட்டையான பளீர் நிறம், மடங்கிய முட்டி, வெட்டிய முழங்கை; படங்களில் அவர் பார்வையாளர்களுக்காகப் போஸ் கொடுப்பதைவிட அவர்களைப் பார்த்துச் சிரிப்பதாகவே தெரிகிறது. இது ஒரு தேர்வு, நியாயமான தேர்வும்கூட. கிழக்கு செயின்ட் லூயிஸின் தீயை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதால் அந்தச் சிரிப்புக்கு ஓர் அடித்தளம் கிடைக்கிறது. பாரிஸில் சாப்பாட்டுக் கடைக்குள் போனால் யாரும் வெளியே தள்ளவில்லை என்பதே ஏன் அவருக்கு அத்தனை பெரிய விஷயம் என்று குழந்தைக்குப் புரிய வேண்டுமானால் அந்தத் தீ வேண்டும்.

பக்கங்கள் நிறைய இருப்பதன் பயன் பின்பாதியில் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காக இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய உளவுச் செய்திகளைச் சுமந்தவர் பேக்கர். பன்னிரண்டு குழந்தைகளைப் பல நாடுகளிலிருந்து தத்தெடுத்தார். கறுப்பினத்தவரின் உரிமைக்கான 1963 வாஷிங்டன் பேரணியில் பதக்கங்கள் குத்திய ராணுவச் சீருடையோடு பேசினார். 1975 ஏப்ரலில், பாரிஸில் தன் ஐம்பதாண்டு மேடை வாழ்வைக் கொண்டாடும் நிகழ்ச்சி தொடங்கிய சில நாட்களில் இறந்தார். 2021இல் பிரான்ஸ் தன் மாமனிதர்களுக்கான பாந்தியோன் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். புத்தகம் வந்து ஏழு வருடம் கழித்து நடந்தது இது.

32 பக்கத்துக்குள்

எல்லாருக்கும் 104 பக்கம் கிடைப்பதில்லை. படப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு 32 பக்கம். பெரிய தாளை அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின் மடங்குகளில் வருவதால் நிலைத்துப்போன கணக்கு இது. தலைப்புப் பக்கம், பதிப்புரிமை எல்லாம் போகக் கதைக்குப் பத்துப் பதினைந்து விரிபக்கங்கள்தான். ஒரு வாழ்க்கையை அதற்குள் அடைக்க வேண்டும்.

இதனால் ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. குழந்தை கேட்கும் கதை முன்னால். கசப்பான உண்மைகள் கடைசிப் பக்கத்துப் பின்குறிப்பில், பொடி எழுத்தில், பெரியவர்களுக்கு. 'ராப் எ டாப் டாப்' இதற்கு நல்ல உதாரணம். கதைப் பகுதியில் போஜாங்கிள்ஸ் ஆடுகிறார், தெருவே மகிழ்கிறது, அவ்வளவுதான். அடிமையாக இருந்த பாட்டியிடம் வளர்ந்தவர் என்பதோ, ஹாலிவுட்டில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் வேலைக்காரன் வேடங்கள் என்பதோ அங்கே இல்லை. 1935இல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுடன் மாடிப்படியில் கைகோத்து ஆடிய காட்சி திரைப்பட வரலாற்றில் இடம்பிடித்தது. தென் மாநிலங்களில் அதை வெட்டித்தான் காட்டினார்கள். பெரும் பணம் சம்பாதித்து 1949இல் கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். இரண்டு வயதுப் பிள்ளைக்கான புத்தகத்தில் இவை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்குறிப்பைப் படிக்காமல் மூடிவைக்கும் அப்பா அம்மாக்களே அதிகம் என்பதும் தெரிந்ததே.

'ஆல்வின் எய்லி'யும் உச்சியிலேயே நிற்கிறது. டெக்சாஸின் பருத்திக்காட்டு வறுமை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ்டர் ஹார்ட்டனின் வகுப்பு, 1958இல் சொந்தக் குழு, 1960இல் 'ரெவலேஷன்ஸ்'. ஆன்மிகப் பாடல்களுக்கு அமைத்த அந்த ஆட்டத்தில் மேடையின் குறுக்கே இழுத்துப் பிடித்த நீலத் துணிகளே ஆறு. வெள்ளை உடையும் பெரிய வெள்ளைக் குடையுமாக ஞானஸ்நானத்துக்கு வருகிறார்கள். இன்றும் அந்தக் குழு ஊர் ஊராக ஆடும் படைப்பு. எய்லி 1989இல் 58 வயதில் எய்ட்ஸால் இறந்தார். தாய்க்கு அவமானம் வரக் கூடாது என்று அப்போது காரணம் ரத்த நோய் என்று மட்டும் வெளியே சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த குழந்தைப் புத்தகம் கொண்டாட்டத்தோடு முடிவதில் வியப்பில்லை.

சில வாழ்க்கைகளை மழுப்பவே முடியாது. தெற்குக் கரோலினாவின் க்ளேட்டன் பேட்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் ஜின்னிங் மில் இயந்திரத்தில் கால் மாட்டிக்கொண்டது. காலை எடுத்தது வீட்டுச் சமையலறை மேசையில். மாமா ஒரு மரக்கால் செதுக்கிக் கொடுத்தார். அதே மரக்காலோடு டேப் ஆடி 'பெக் லெக் பேட்ஸ்' என்ற பெயரில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் வந்தார். ஷூவின் உலோகத் தட்டு கீச்சென்று ஒலிக்க, மரக்கால் அடித்தொண்டையில் பதில் சொல்லும். இரண்டு காலும் உள்ளவர்களுக்குக் கிடைக்காத இரட்டைச் சுருதி. சம்பாதித்ததை வைத்து 1951இல் நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து தங்க ஒரு விடுதியும் நடத்தினார். லின் பராஷ் எழுதி வரைந்த 'நாக்கின் ஆன் வுட்' (2004) அவரைப் பற்றியது. பரிதாபம் தேடாத கதை என்பதாலோ என்னவோ, இந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

முதல் ஆள், மறுபடியும் முதல் ஆள்

இந்தப் புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். எல்லாரும் முதல் ஆள். 1951இல் காலின்ஸ், மெட்ரோபாலிட்டனில் முதல். 1955இல் வில்கின்சன், பாலே ரூஸில் முதல். 1990இல் ஹூஸ்டன் பாலேயில் லாரன் ஆண்டர்சன் முதன்மை நடனமணியானார். அங்கே அவர் முதல். 2015 ஜூன் 30இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனமணியானார் மிஸ்டி கோப்லண்ட். அந்த நிறுவனத்தின் 75 ஆண்டு வரலாற்றில் முதல் கறுப்பினப் பெண். ஒருவர் கதவைத் திறந்ததும் மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள் என்பதல்ல கதை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கதவு, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூட்டிக் கிடந்தது, 64 வருடம் கழித்தும் திறக்க ஒன்று மிச்சமிருந்தது. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வந்தால் பள்ளிகளும் நூலகங்களும் இப்படி ஒரு சாதனையாளரின் புத்தகத்தைத்தான் தேடி வாங்குகின்றன என்பதால் பதிப்பகங்களும் அட்டையிலேயே அதை முன்னிறுத்துகின்றன. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற தகவல் அது. ஏன் இத்தனை பேர் முதல் ஆளாக இருக்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்குத்தான் ஐந்து மதிப்பெண்.

கோப்லண்ட் இதை உணர்ந்தவர். வில்கின்சனைத் தன் வழிகாட்டி என்று மேடைதோறும் சொன்னார். 'டிரெயில்பிளேசர்' புத்தகத்துக்கு முன்னுரை எழுதியது அவர்தான். 2015 ஜூனில் அவர் நியூயார்க்கில் 'ஸ்வான் லேக்' ஆடி முடித்ததும் பூங்கொத்தோடு மேடைக்கு வந்தவர்கள் வில்கின்சனும் லாரன் ஆண்டர்சனும். புத்தகத்துக்குப் புத்தகம் கைகாட்டி விடும் இந்தப் பழக்கம் தனிமனிதச் சாதனைக் கதையைக் கொஞ்சம் நேராக்குகிறது.

ஆனால் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நியூயார்க் சிட்டி பாலேயின் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞர் ஆர்தர் மிட்செல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதன் தாக்கத்தில் 1969இல் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழுவைத் தொடங்கினார். அங்கே முதல் ஆள், ஒரே ஆள் என்று யாரும் இல்லை. மேடை முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள். பாலே காலுறையும் காலணியும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற மரபையும் 1970களில் அவர்கள் உடைத்தார்கள். அந்த நிறம் வெள்ளைத் தோலின் தொடர்ச்சியாக, கால் நீளமாகத் தெரிவதற்காக வைத்தது. பழுப்புக் காலில் அது உடம்பைக் கணுக்காலில் வெட்டிக் காட்டும். அதனால் ஒவ்வொருவரும் தத்தம் தோல் நிறத்துக்குக் காலுறையையும் காலணியையும் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். பிரபலக் காலணி நிறுவனமான ஃப்ரீட் ஆஃப் லண்டன் பழுப்பு நிறக் காலணிகளைத் தானே தயாரித்து விற்க ஆரம்பித்தது 2018இல். இந்தத் தட்டில் எந்த பாலே புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஓவியர் காலணிக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். எந்த ஆண்டைப் பற்றிய கதை, யாருடைய விதிப்படி ஆடுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஹார்லெம் குழுவின் ஆரம்பகால நடனமணி லிடியா அபார்கா 1975இல் 'டான்ஸ் மேகசின்' இதழின் அட்டையில் வந்தவர். நாற்பது வருடம் கழித்து, கறுப்பினப் பெண் பாலேயில் நுழைந்ததே இப்போதுதான் என்பதுபோல் செய்திகள் வரத் தொடங்கியபோது அவரும் அவருடைய காலத்து ஷீலா ரோஹன், கெய்ல் மெக்கின்னி-கிரிஃபித், கார்லியா ஷெல்டன்-பெஞ்சமின், மார்சியா செல்ஸ் ஆகியோரும் ஒன்றுகூடினார்கள். தங்கள் பழைய பயிற்சிக்கூடம் இருக்கும் தெருவின் பெயரிலேயே '152ஆவது தெரு கறுப்பின பாலே மரபு' என்று ஓர் அமைப்பை உருவாக்கி, நாங்கள் ஐந்து பேரும் அப்போதே ஆடிக்கொண்டுதான் இருந்தோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கான விரிவான புத்தகம் ஒன்று 2024இல் அவர்களைப் பற்றி வந்துவிட்டது. ஐந்து தோழிகள், ஒரு தெரு, சாயத் தொட்டியில் நனைத்தெடுத்த காலணிகள் என்று 32 பக்கத்துக்குக் கச்சிதமாக அமையும் கதையும் அதற்குள் இருக்கிறது.